சூரியகாந்தி நட்டால் மண்ணிலுள்ள ஈயம் போய்விடுமா?

3 ஜூன் 2024 – வாசகர் கேள்வி

வீட்டுக்குப் பின்னால் நான்கு சென்ட் இடம் வாங்கியிருக்கிறோம். முன்பு அங்கே பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருந்தது. கீரையும் காய்கறியும் போட ஆசை. சூரியகாந்தியை இரண்டு போகம் போட்டுப் பிடுங்கி எறிந்தால் மண்ணிலுள்ள ஈயத்தை அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு கீரை விதைக்கலாமா?

3 ஜூன், இரவு

விதைக்காதீர்கள். இரண்டு போகத்தில் போகாது, இருபது போகத்திலும் போகாது. கணக்கைப் பாருங்கள்.

நான்கு சென்ட் என்பது சுமார் 160 சதுர மீட்டர். வேர் பரவும் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் எடை ஏறக்குறைய 42 டன் வரும். அதில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரி உடைத்த இடத்துக்கு இது அதிகமான கணக்கே இல்லை. அதை 400-க்கு இறக்க வேண்டுமானால்கூட 4 கிலோவுக்கு மேல் ஈயம் வெளியேற வேண்டும். அந்த இடத்தில் அமோகமாக விளைந்த சூரியகாந்தியைக் காயவைத்தால் 160 கிலோ தேறும். தண்டிலும் இலையிலும் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஈயம் ஏறியதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு போகத்தில் வெளியேறுவது 8 கிராம். ஐந்நூறு போகத்துக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் இருநூற்றைம்பது ஆண்டுகள்.

4 ஜூன், காலை

சூரியகாந்திக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முழுப் பொய்யிலிருந்து கிளம்பியதல்ல. 1990-களில் செர்னோபில் அருகே குளங்களில் மிதவைகளின் மேல் சூரியகாந்தியை வளர்த்து, நீரிலிருந்த கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் வேர் வழியாகப் பிடித்தார்கள். அந்தச் சோதனை பேர் சொல்லும்படி நடந்தது. ஆனால் அது குளத்து நீர். நீரில் கரைந்து நிற்கும் அயனியை வேர் நேரடியாகத் தொடுகிறது. உங்கள் ஈயம் மண்ணில் இருக்கிறது. களிமண்ணோடும் மட்கோடும் பாஸ்பேட்டோடும் இறுகப் பிடித்துக்கொண்டு, மண்ணீரில் மிகச் சிறிதளவே கரைகிறது. கரையாததை வேர் எப்படிக் குடிக்கும்?

இதைச் சமாளிக்கவும் ஒரு வழி பார்த்தார்கள். இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை மண்ணில் ஊற்றினால் ஈயம் கரைந்து வரும், கடுகுச் செடி அதை இழுத்துக்கொள்ளும். தொட்டிச் சோதனைகளில் ஈயம் உண்மையிலேயே இலைக்கு ஏறியது. வயலில் என்ன சிக்கல் என்றால், கரைந்த ஈயம் செடிக்காகக் காத்து நிற்பதில்லை. அடுத்த மழைக்குக் கீழே இறங்கிவிடும். பக்கத்தில் கிணறோ ஆழ்துளைக் குழாயோ இருந்தால் மண்ணில் கிடந்த தொல்லையைக் குடிநீருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையாகிவிடும். யாராவது அந்தத் தூளை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

4 ஜூன், மாலை

"அப்படியானால் உலோகத்தை உறிஞ்சும் செடி என்பதே கிடையாதா?"

இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு மிகவும் ஆசை.

நியூ கலிடோனியத் தீவில் ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்த நிறம் நிக்கலால் வருவது. காய்ந்த பாலின் எடையில் கால் பங்கு வரை நிக்கல் இருக்கும் என்று 1976-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த வகைச் செடிகளுக்கு 'மீத்திரட்டி' என்று தமிழில் சொல்லலாம். எல்லை ஒவ்வொரு உலோகத்துக்கும் வேறு: உலர்ந்த இலையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் நிக்கல் இருந்தால் அது நிக்கல் மீத்திரட்டி, காட்மியத்துக்கு 100 போதும். இதுவரை தெரிந்த மீத்திரட்டிகள் 700-க்கும் மேல். அவற்றில் 500-க்கும் அதிகமானவை நிக்கலுக்கு மட்டுமே உரியவை. ஈயத்தை மண்ணிலிருந்து அப்படி அள்ளும் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்டவை மிக அரிது. பட்டியலில் முன்பு இடம்பிடித்த பல செடிகளில் இலைமேல் படிந்த தூசியையும் சேர்த்தே அளந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது.

ஆர்சனிக்குக்கு ஒரு பெரணி இருக்கிறது: டெரிஸ் விட்டாட்டா. புளோரிடாவில், மரத்துக்குப் பூச்சி மருந்தேற்றும் தொழிற்கூடம் இருந்த மண்ணில் இது செழித்து நின்றதைப் பார்த்து லீனா மாவும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்டார்கள். அதன் இலையில் கிலோவுக்கு 22,000 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் ஏறியிருந்தது. சாதாரணச் செடியாக இருந்தால் செத்திருக்கும். நம் ஊரிலும் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவரின் விரிசலில், கிணற்றின் உள்சுவரில், நடு ஈர்க்கின் இருபுறமும் நீண்ட ஒல்லியான இலைக்கூறுகளோடு தொங்கும். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் வித்துகள் வரிசை கட்டியிருக்கும். அடுத்த முறை கிணற்றை எட்டிப் பார்க்கும்போது கவனியுங்கள். ஆர்சனேட் உருவில் பாஸ்பேட்டை ஒத்திருப்பதால் பாஸ்பேட் நுழையும் வாயில் வழியாகவே உள்ளே வருகிறது. எல்லாச் செடியிலும் அப்படித்தான். இந்தப் பெரணியோ அதை மேலே இலைக்கு ஏற்றி, செல்லின் நுண்குமிழிக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது.

ஏன் இப்படிச் சேர்க்கின்றன என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது, பூச்சி தின்னாமல் இருக்க என்பது. நிக்கல் நிறைந்த இலையைத் தின்ற புழுக்கள் செத்ததைச் சோதனையில் காட்டியிருக்கிறார்கள்.

4 ஜூன், இரவு

விட்டுப்போன ஒன்று. மலேசியாவின் சபா மாநிலத்தில் நிக்கலுக்காகவே பயிரிட்டுப் பார்க்கும் செடி ஒன்றிருக்கிறது. அதன் பேரினம் பில்லாந்தஸ். நம் கீழாநெல்லியும் பெருநெல்லியும் அதே பேரினம்தான்.

5 ஜூன்

பதற்றம் வேண்டாம். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கீழாநெல்லி நிக்கல் செடி இல்லை. ஒரே பேரினம் என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. ஐரோப்பாவில் கடுகுக் குடும்பத்து நொக்கேயா என்ற சிறு செடி இருக்கிறது. தென் பிரான்சில் விளையும் கூட்டம் காட்மியத்தை அள்ளிக் குவிக்கும். வேறு இடத்தில் விளையும் அதே இனத்துச் செடி அந்த அளவுக்கு எடுப்பதில்லை. ஓர் இனத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது பேரினத்தை வைத்து என்ன முடிவு கட்ட முடியும்? அதன் உறவான இன்னொரு செடியில் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். வேரிலிருந்து நீர்க்குழாய்க்குள் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் ஏற்றிவிடும் மரபணு மற்றச் செடிகளில் ஒன்று இருக்கும். இந்தச் செடியில் அதே மரபணுவுக்கு மூன்று நகல்கள் இருக்கின்றன. மேலே தள்ளும் வேகம் கூடிவிடுகிறது.

7 ஜூன்

இந்த இழையில் பலரும் "செடி நன்றாகத்தானே வளர்கிறது, உலோகம் இருந்தால் வாடியிருக்காதா" என்று எழுதுகிறீர்கள். இது என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கிறது. ரூஃபஸ் சேனி என்ற அமெரிக்க மண் அறிவியலாளர் 1980-இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார். என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஈயம், பாதரசம், மூன்று வலுவுள்ள குரோமியம் – இவை மண்ணிலோ வேரிலோ தங்கிவிடும். உண்ணும் பாகத்துக்கு அதிகம் ஏறுவதில்லை. துத்தநாகம், செம்பு, நிக்கல் – இவை ஏறும், ஆனால் மனிதருக்குக் கேடு வரும் அளவை எட்டுவதற்கு முன்பே பயிர் மஞ்சளாகிக் குன்றிவிடும். பயிரே நமக்குக் காவல். காட்மியத்துக்கு இந்தக் காவல் இல்லை. செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், விளைச்சல் குறையாது, இலையில் மட்டும் காட்மியம் ஏறியிருக்கும். அதைத் தின்றவரின் சிறுநீரகத்தில் பல பத்தாண்டுகள் தங்கும்.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். நெடுஞ்சாலையை ஒட்டிய தோட்டத்திலிருந்து வந்த முளைக்கீரைக் கட்டு ஒன்றை இரண்டாகப் பிரித்தோம். முளைக்கீரையை வேரோடு பிடுங்கிக் கட்டுவார்கள் என்பதால் தண்டின் அடியில் மண் கோடு போட்டாற்போல் ஒட்டியிருக்கும். ஒரு பாதியை அப்படியே வைத்துவிட்டு மறு பாதியை எனாமல் தட்டில் அலசினோம். முதல் நீர் செம்மண் கலங்கல். இரண்டாவது நீர் தெளிந்ததுபோல் தெரிந்தாலும் சற்று நேரம் வைத்தால் வெள்ளைத் தட்டின் அடியில் மையைப் போலக் கரிய வண்டல் ஒரு வளையமாகப் படிந்தது. இலையின் அடிப்புறத்து நரம்போரங்களைத் தனியாக விரலால் தேய்க்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பாதியையும் அடுப்பில் உலர்த்தி, அரைத்து, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தோம். பழுப்புப் புகை அடங்கித் திரவம் வெளிர்மஞ்சளாகத் தெளிந்த பின் அளந்தோம். கழுவாத பாதியில் ஈயம் பல மடங்கு. கழுவிய பாதியில் கொஞ்சம்தான். காட்மியமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

ஈயம் இலையின் மேல் இருந்தது. காட்மியம் இலைக்குள் இருந்தது. அதைக் கழுவ வழியில்லை.

7 ஜூன், சற்று நேரம் கழித்து

"எந்தக் காய் பாதுகாப்பு" என்ற கேள்விக்குப் பொதுவான வரிசை: கீரைகள்தான் அதிகம் சேர்ப்பவை. அடுத்து முள்ளங்கி, கேரட், பீட்ரூட் போன்ற கிழங்கு வகை. இவற்றில் மண் ஒட்டும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை, புடலை போன்ற காய்களில் குறைவு. இலைக்கு வந்த உலோகம் காய்க்குப் போவது கடினம். புகையிலை தனி ரகம். அதன் இலை காட்மியத்தை நன்றாகவே சேர்க்கும். புகைப்பவரின் ரத்தத்தில் காட்மியம் புகைக்காதவரைவிடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

9 ஜூன்

மேலே சொன்ன வரிசையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் செடி என்பதைவிட எந்த மண் என்பது சில வேளைகளில் பெரிய விஷயமாகிவிடும். அமில மண்ணில் காட்மியம் எளிதாகக் கரைந்து ஏறும். சுண்ணாம்பு மிகுந்த, பி.எச். (அமில-கார அளவு) எட்டை ஒட்டிய மண்ணில் அடங்கிக் கிடக்கும். துத்தநாகம் பற்றாக்குறையுள்ள மண்ணில் செடி துத்தநாகத்தைத் தேடும்போது காட்மியத்தையும் உள்ளே விடும். ஆகவே துத்தநாக சல்பேட் இடுவதற்கு விளைச்சலைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு.

பாலாற்றங்கரையிலிருந்து எழுதும் நண்பருக்கு: உங்கள் பகுதியில் எல்லோரும் குரோமியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். தோல் பதனிடும் கழிவால் நாசமான நிலத்துக்காக நடந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு 'கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்தியது. ஆனால் பயிரைப் பொறுத்தவரை குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடுகிறது. ஆறு வலுவுள்ள குரோமியம் சல்பேட்டின் வழியில் வேருக்குள் நுழைந்தாலும் அங்கேயே மூன்று வலுவுள்ளதாக மாறிச் சிக்கிக்கொள்ளும். ஆறு வலுவுள்ளது கிணற்றில் இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீர்தான் முதல் அபாயம்.

பலர் கவனிக்காத இன்னொன்று உப்பு. பதனிடும் கழிவு கலந்த நீரில் குளோரைடு மிகுதி. குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணிலிருந்து விடுவித்து வேருக்குக் கொண்டுவந்து தரும். தென் ஆஸ்திரேலியாவில் உப்புநீர் பாய்ந்த வயல்களின் உருளைக்கிழங்கில் காட்மியம் ஏறியதை 1990-களில் கண்டறிந்தார்கள். மண்ணில் காட்மியம் சிறிதளவே இருந்தாலும் உப்பு அதைக் கிளப்பிவிடும். பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்துகொண்டே இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உப்புக் கிணறு வைத்திருப்பவர்கள் கீரையை விட்டுத் தென்னையோ தீவனப் புல்லோ பார்ப்பது நல்லது.

11 ஜூன்

நெல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல்லில் ஆர்சனிக்கும் காட்மியமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகின்றன.

வயலில் நீர் தேங்கி நின்றால் மண்ணில் காற்று இருக்காது. ஆர்சனிக் கரையும் வடிவத்துக்கு மாறும். நெல் தனக்குத் தேவையான சிலிக்கனை எடுக்கும் வழியிலேயே அதையும் எடுத்துக்கொள்ளும். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணற்று நீரைப் பாய்ச்சி விளைக்கும் கோடை நெல்லில் இதுதான் நடக்கிறது. அதே தேங்கிய நீரில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிவிடும். வயலைக் காயவிட்டால் தலைகீழ்: ஆர்சனிக் அடங்கும், காட்மியம் கிளம்பும். நம் உழவர்கள் நீரை மிச்சப்படுத்தச் செய்யும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை ஆர்சனிக்கைக் குறைக்கும். காட்மியம் உள்ள மண்ணாக இருந்தால் கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் வயலைக் காயவிடக் கூடாது.

காட்மியம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாவட்டம் சாட்சி. கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்த நீர் நெல் வயல்களுக்குப் பாய்ந்தது. எலும்பு நொறுங்கி வலியில் துடித்தவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெற்ற நடுவயதுக்கு மேற்பட்ட பெண்கள். 1968-இல் அரசு காட்மியம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டது. அந்த நிலத்தைச் செடி வைத்துச் சுத்தம் செய்யவில்லை. மேல்மண்ணை மாற்றினார்கள், 800 ஹெக்டேருக்கும் அதிகமாக. வேலை முடிந்தது 2012-இல்தான். ஜப்பானிய விஞ்ஞானிகள் வேறொரு வழியிலும் போனார்கள்: மாங்கனீசை உள்ளே எடுக்கும் மரபணு பழுதான ஒரு நெல் வகையை உண்டாக்கினார்கள். காட்மியமும் அந்த வாயிலில்தான் நுழைவதால் அரிசியில் அது ஏறத்தாழ இல்லாமலே போனது. உலோகத்தை உறிஞ்சும் செடியைத் தேடுவதைப் போலவே உறிஞ்சாத பயிரைத் தேடுவதும் ஆராய்ச்சிதான். சாப்பாட்டுக்கு இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

12 ஜூன்

"குக்கர் சோறா, வடித்த சோறா?" ஆர்சனிக்கைப் பொறுத்தவரை வடித்த சோறு. நிறைய நீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியை வடித்தால் அதோடு ஆர்சனிக்கில் ஒரு நல்ல பங்கு போய்விடும். நீர் சுத்தமாக இருக்க வேண்டும். சில உயிர்ச்சத்துகளும் போகும் என்பதால் ஆர்சனிக் பிரச்சினை உள்ள பகுதிக்கே இதைச் சொல்கிறேன். தவிடு நீக்காத அரிசியில் ஆர்சனிக் கூடுதல், ஏனென்றால் அது தவிட்டில்தான் சேர்கிறது.

14 ஜூன்

ஆகாயத்தாமரை உரம் பற்றி. சாக்கடை கலக்கும் ஏரியில் அது உலோகங்களை வேரில் நன்றாகப் பிடிக்கும், நீருக்கு நல்லது. அதையே வாரி மட்கவைத்துக் காய்கறித் தோட்டத்தில் போட்டால் ஏரியின் உலோகம் உங்கள் பாத்திக்கு வந்துவிடும். தொழிற்சாலைக் கழிவு சேரும் ஏரி என்றால் அந்த உரம் வேண்டவே வேண்டாம். மீத்திரட்டிச் செடிகளுக்கும் இதே சிக்கல்: அறுத்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சொல்லாமல் நடச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

17 ஜூன்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கீரையைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டேன்.

செனகலின் தலைநகர் டாக்காரை ஒட்டிய தியாரோயில் 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே பழைய பேட்டரி உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஈயம் கலந்த மண்ணைச் சலித்தும் விற்றார்கள். அந்தக் குழந்தைகளைக் கொன்றது மண்ணும் தூசியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும், மண்ணையே தின்னும். ஈயம் செடிக்குள் ஏறாது என்று மேலே எழுதியது ஆறுதலே இல்லை, குழந்தைக்குச் செடி எதற்கு?

செய்ய வேண்டியவை. குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள், இந்த வாரமே. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த இடத்துக்குக் குழந்தை போகாதபடி அடைத்துவிடுங்கள். வெறும் மண் தெரியக் கூடாது: அடர்ந்த புல், தடித்த மூடாக்கு, முடிந்தால் மேலே நல்ல மண் கொட்டி மூடுதல். வெட்டிவேர் இங்கே பொருந்தும். உலோகத்தை வேரோடு நிறுத்திக்கொண்டு மண் அரிப்பைத் தடுக்கும், இலைக்கு அதிகம் ஏற்றாது. செருப்பை வாசலிலேயே விடுங்கள். ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூசி கிளம்பும். காய்கறி போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் தடுப்பு விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில், தொட்டியில் போடுங்கள்.

18 ஜூன்

மண்வள அட்டைக்காகக் கொடுத்த மாதிரியில் எல்லாம் சரியாக இருப்பதாக வந்தது என்கிறார் கேள்வி கேட்டவர். அந்த அட்டையில் 12 அளவீடுகள் உண்டு: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பி.எச்., உப்பளவு, கரிமச்சத்து. ஈயமும் காட்மியமும் அதில் கிடையாது. ஆய்வகத்தில் 'மொத்த ஈயம், மொத்த காட்மியம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுக்காதீர்கள்; உருக்கும் அடுப்பு இருந்த மூலையையும் அமிலம் கொட்டிய பக்கத்தையும் தனித்தனிப் பையில் கட்டி, எது எங்கிருந்து எடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.